மாஞ்சோலை தேயிலைத் தோட்டங்கள்: தொழிலாளர் உடல்நலமும் நிர்வாகத்தின் பொறுப்பும்

திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரம் வட்டத்தில், மணிமுத்தாறு அணைக்கு மேலே உள்ள மலைப்பகுதி மாஞ்சோலை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய எஸ்டேட்டுகள் ஏறத்தாழ 1,000 மீட்டர் முதல் 1,500 மீட்டர் வரை உயரத்தில் அமைந்துள்ளன. சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாயிருந்த 8,374 ஏக்கர் காட்டை 1929இல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. காட்டைத் திருத்தித் தேயிலை வைத்தவர்கள் நெல்லைச் சீமையின் ஊர்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கங்காணிகள் வழியாக மலையேறிய குடும்பத்தினர். இன்று களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் இந்த எஸ்டேட்டுகளைச் சூழ்ந்திருக்கிறது.

நகரத்து ஆலைத் தொழிலாளி வேலை முடிந்ததும் தன் வீட்டுக்குப் போகிறார். மாஞ்சோலைத் தொழிலாளி போனதும் கம்பெனி வீட்டுக்குத்தான். குடிக்கும் தண்ணீர், பிள்ளையை விட்டுச் செல்லும் காப்பகம், காய்ச்சலுக்குப் போகும் ஆஸ்பத்திரி எல்லாமே நிர்வாகத்தைச் சார்ந்திருந்தன. அதனால் பணியிட நலம் என்பது இங்கே வேலை நேரத்தோடு முடிந்துவிடும் பொருளாக இருக்கவில்லை. ஒரு குடும்பத்தின் 24 மணி நேரமும் அதில் அடங்கியது.

தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பதிவாகும் இடங்களில் நாலுமுக்கும் ஊத்தும் அடிக்கடி இடம்பெறுகின்றன. மழை நின்ற பிறகு கொழுந்து எடுக்கலாம் என்று அங்கே காத்திருக்க முடிந்ததில்லை. நனைந்த செடிகளுக்கிடையே, சரிவில் கால் ஊன்றி, மணிக்கணக்கில் நின்று பறிக்க வேண்டியிருந்தது. பறித்த கொழுந்தை எடை போடும் இடம்வரை சுமக்கவும் வேண்டியிருந்தது. இடுப்புவலி, கழுத்துவலி, மூட்டுத் தேய்மானம், ஈரத்தால் வரும் சளித் தொல்லை, அட்டைக்கடிப் புண் ஆகியவை இந்த வேலையோடு வருபவை. பாம்பு, கரடி, காட்டுமாடு பற்றிய அச்சமும் உண்டு. காட்டில் கழிப்பறை இல்லாத இடங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு அது நேரான வழி. கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால், தோட்ட நலத்திட்டம் எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இந்தப் பொறுப்புகளை முதலாளியின் தயவுக்கு விட்டுவைக்காமல் சட்டமாக்கியது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். சுத்தமான குடிநீர், கழிப்பறை, மருத்துவ வசதி, குடும்பத்தோடு தங்க வீடு ஆகியவற்றை அது கட்டாயமாக்கியது. 150 தொழிலாளர் இருந்தால் கேண்டீன், 50 பெண் தொழிலாளர் இருந்தால் குழந்தைகள் காப்பகம், 300 பேர் இருந்தால் நல அலுவலர் என்று எண்ணிக்கையோடு கடமைகளை வகுத்தது. குடை, கம்பளி, மழைக்கோட்டு ஆகியவற்றுக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு. மழைக்கோட்டைச் சட்டத்தில் எழுதியவர்கள் மலையின் குளிரை அறிந்தே எழுதியிருக்கிறார்கள். கம்பெனி கொடுத்த வீடு இடிந்து விழுந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தாலும் காயமடைந்தாலும் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற விதி பின்னர் சேர்ந்தது. பூச்சிமருந்தைக் கையாள்பவர்களுக்குப் பயிற்சி, பாதுகாப்பு உடை, குளிக்கும் வசதி, குறித்த கால மருத்துவச் சோதனை ஆகியவை 2010 திருத்தத்தில் வந்தன. இச்சட்டத்தை 2020இன் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம் குறித்த தொகுப்புச் சட்டம் தன்னுள் எடுத்துக்கொண்டது.

சட்டம் இருந்தும் மாஞ்சோலையில் கூலியும் வேலை நேரமும் தீராப் பிரச்சினைகளாக நின்றன. 1990களின் இறுதியில் கூலி உயர்வு, எட்டு மணி நேர வேலை, பேறுகால விடுப்பு ஆகியவற்றைக் கேட்டுத் தொழிலாளர்கள் போராடினார்கள். அவர்களில் 652 பேர் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களை விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தின்மீது போலீசார் தடியடி நடத்தினர். தாமிரபரணிக் கரையில் நடந்த அந்த நிகழ்வில் 17 பேர் உயிரிழந்தனர். நீதிபதி மோகன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. இந்தப் போராட்டத்தைத் தொழிற்சங்க வரலாற்றில் மட்டும் வைத்துப் பார்ப்பது போதாது. பிள்ளை பெற்ற உடலுக்கு ஓய்வும் உழைத்த உடலுக்கு நேர வரம்பும் கேட்டது உடல்நலக் கோரிக்கையே. 1961ஆம் ஆண்டின் பேறுகால நலச் சட்டம் அப்போதே தோட்டங்களுக்கும் பொருந்தியது.

நிர்வாகம் எதைச் செய்தால் பலன் கிடைக்கும் என்பதற்குத் தென்னிந்தியத் தோட்டங்களிலேயே முன்மாதிரி உண்டு. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட உபாசி என்ற தோட்ட அதிபர்கள் சங்கம் 1970களில் ஒரு முழுமையான தொழிலாளர் நலத்திட்டத்தை நடத்தியது. தொழிலாளர்களிடமிருந்தே சிலரைத் தெரிந்தெடுத்து, அக்கம்பக்கத்து வீடுகளின் கர்ப்பிணிகள், குழந்தைகள், தடுப்பூசி, தூய்மை ஆகியவற்றைக் கவனிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். டாக்டர் வரும்வரை காத்திராமல், பக்கத்து வீட்டு அக்காவிடமே சொல்லிவிடலாம். இதே மலைத்தொடரின் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல், தொழிலாளர் பட்ட பாட்டை 1969இல் ‘ரெட் டீ’ என்ற ஆங்கில நாவலாக எழுதினார். ‘எரியும் பனிக்காடு’ என்று இரா. முருகவேள் அதைத் தமிழாக்கினார். மருந்து மட்டும் கொடுத்து நோயைத் தீர்க்க முடியாத சூழலை அந்த நாவல் காட்டுகிறது.

2024இல், குத்தகை முடிய நான்கு ஆண்டு இருக்கும்போதே, கம்பெனி விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்து எஸ்டேட்டை விட்டு விலக முற்பட்டது. தோட்டத்தை அரசின் டான்டீ நிறுவனம் எடுத்து நடத்த வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டனர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகத் தொடங்கப்பட்டது டான்டீ. அந்தக் கோரிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 டிசம்பரில் ஏற்கவில்லை.

நான்கு தலைமுறையாக மலையில் வாழ்ந்தும் வீட்டுக்குப் பட்டா கிடையாது. வேலை போனால் வீடு, தண்ணீர், ஆஸ்பத்திரி மூன்றும் ஒன்றாகப் போகின்றன. கையில் மிஞ்சுவது வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும்தான். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் தோட்டங்களுக்கும் பொருந்தியது. ஓர் ஆண்டுப் பணிக்கு 15 நாள் சம்பளம் என்பது அதன் கணக்கு. 30 ஆண்டு கொழுந்து எடுத்த ஒரு பெண்ணுக்கு 450 நாள் கூலி வரும். அதைக்கொண்டு அவர் சமவெளியில் வாடகை வீடு பார்க்க வேண்டும், தேய்ந்த மூட்டுக்கு வைத்தியமும் பார்க்க வேண்டும்.