தாது வருஷப் பஞ்சமும் ஏர் மாடும்

பழனி வட்டாரத்தில் பெருந்துயர் எதனையும் "தாது வருஷப் பஞ்சம்" போன்றது என்று பெரியோர் கூறுவதுண்டு. 1876-இல் பருவமழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அக்கொடும் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். அந்நாளில் பழனி, மதுரை ஜில்லாவின் தாலுகாவாக இருந்தது.

சர்க்கார் நிவாரண வேலைகளையும் கஞ்சித் தொட்டிகளையும் ஏற்படுத்தியது. ஆயினும் 1877 ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமாகக் குறைத்தார். உழைத்த உடல்கள் மேலும் நலிந்தன.

1877-இன் பிற்பகுதியில் மழை பெய்தது. துயர் தீர்ந்ததா? இல்லை. நமது புன்செய் நிலத்தில் கிணற்று நீரைக் கமலை கட்டி இறைக்க அந்நாளில் மாடு வேண்டியிருந்தது. மாடோ தீவனமின்றி மடிந்தது, அல்லது அற்ப விலைக்குப் போயிற்று. விதைச் சோளமும் உலையேறிவிட்டது. கிணற்றில் நீர் ஊறியும் நிலம் தரிசாய்க் கிடந்தது.

1877 ஆகஸ்டில் சென்னையில் கூடிய பொதுக்கூட்டத்தின் வேண்டுகோளை ஏற்று, லண்டன் மேயர் நிதி திரட்டினார். வில்லியம் டிக்பி செயலராயிருந்த சென்னைக் குழு, உள்ளூர்க் குழுக்களின் வழியாக அதனைப் பகிர்ந்தளித்தது. மழைக்குப்பின் விதை தானியம், உழவு மாடு, வீட்டுக்குக் கூரை ஆகியவற்றுக்கு அந்நிதி பயன்பட்டது. பிழைப்புக்கான முதலை இழந்தோரை மீண்டும் பழைய நிலையில் நிறுத்துவதே அதன் நோக்கங்களுள் ஒன்று.

கஞ்சி உயிரைக் காக்கும். ஏரும் விதையுமே குடும்பத்தை நிமிர்த்தும். புயலோ வெள்ளமோ வறட்சியோ, உதவிசெய்யப் புறப்படுவோர் "பசிக்கிறதா?" என்பதோடு நில்லாமல், "உன் தொழிலுக்கு எது போயிற்று?" என்றும் கேட்பார்களாக!