புத்தளக் கரையில் வீட்டுவேலை

ஆசிரியர் கொடுப்பது, பிள்ளை வீட்டில் செய்வது, ஆசிரியர் திருத்துவது என்று வீட்டுவேலைக்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதலாவதும் கடைசியும் பாடசாலையின் பொறுப்பு. இடையில் உள்ளது வீட்டைச் சார்ந்தது. கற்பிட்டித் தீபகற்பத்திலிருந்து தெற்கே வென்னப்புவ வரை நீளும் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் அந்த வீடு மீன்பிடியையோ உப்பளத்தையோ தென்னந்தோட்டத்தையோ நம்பி வாழ்ந்தது. அங்கே விளக்கு இருந்ததா, பிள்ளையின் பாடத்தைப் பார்த்துச் சரி பிழை சொல்ல ஒருவர் இருந்தாரா என்பவற்றைப் பொறுத்தே வீட்டுவேலையின் வரலாறு அமைந்தது.

மிகப் பழைய வீட்டுவேலையில் எழுத்து இல்லை, மனப்பாடம் மட்டுமே. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் மாலையில் வீடு திரும்பும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று உபாத்தியாயர் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் பிள்ளை அவற்றை மறவாமல் வந்து சொல்லவேண்டும். உ.வே. சாமிநாதையர் தம் இளமைக் கல்வியை நினைவுகூரும் ‘என் சரித்திரம்’ நூலில் இந்த வழக்கம் பதிவாகியுள்ளது. ஏடும் எழுத்தாணியும் அரிதாக இருந்த காலத்தில் செலவே இல்லாத வீட்டுவேலை இது.

புத்தளம், கற்பிட்டி முஸ்லிம் ஊர்களின் குர்ஆன் பள்ளிகளிலும் இதே முறைதான். முதல் நாள் வாங்கிய பாடத்தைப் பிள்ளை வீட்டில் ஓதிப் பழகி, மறுநாள் ஓதிக்கொடுக்கும் லெப்பையின் முன் அமர்ந்து ஓதிக் காட்டும். பிழையின்றி ஓதினால் அடுத்த பாடம் கிடைக்கும். தடுமாறினால் பழைய பாடமே மீண்டும். புள்ளியோ வரிசை இடமோ கிடையாது. கெட்டிக்காரப் பிள்ளை முந்திப் போகும், மெதுவாகக் கற்கும் பிள்ளை தன் பாடத்தில் நிற்கும், இருவரும் ஒரே பாயில் இருப்பார்கள். பிரம்படியை மறந்துவிட்டு இந்த முறையைப் புகழ முடியாது. ஆனாலும் திருத்தும் முறை என்ற அளவில், பின்னால் வந்த பலவற்றைவிட இது நேர்மையானது. வீட்டின் பங்கும் இதில் முழுமையாக இருந்தது. தாயும் பாட்டியும் அதே பாடத்தை ஓதி வளர்ந்தவர்கள். சமையல் வேலைக்கு நடுவிலேயே பிள்ளையின் ஒரு நெட்டெழுத்துக் குறுகினாலும் அவர்கள் காதுக்குத் தெரிந்துவிடும். பருவமடைந்த பின் வீட்டோடு நின்ற பெண்களுக்கு, தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் நூல்கள் மார்க்கக் கல்வியைத் தொடர வழி செய்தன. பள்ளிக்கூடத்துக்குப் போகாத தாய் பிள்ளைக்கு முதல் ஆசிரியையாக இருக்க முடிந்தது இதனால்தான்.

கத்தோலிக்க மீனவ ஊர்களில் செபங்களும் ஞானோபதேசக் கேள்வி பதில்களும் இதே போல வாயால் கற்கப்பட்டன. குரு எப்போதாவது வருவார். அண்ணாவியார் ஊரிலேயே இருந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். ஒல்லாந்தர் ஆட்சியில் இதற்கு இன்னொரு முகமும் இருந்தது. கற்பிட்டிக் கோட்டையை அவர்கள் 1667இல் கட்டத் தொடங்கினார்கள். தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரம் எங்கும் ஒல்லாந்தக் கம்பனியார் புரட்டஸ்தாந்து மதப் பள்ளிகளை நடத்தினர். பள்ளி ஆசிரியர் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளையும் வைத்திருந்தார். ஆய்வுக் குழு பள்ளிகளைச் சுற்றிவந்து பிள்ளைகளை வேதபாடத்தில் சோதித்தது. வராத பிள்ளைக்காகப் பெற்றோர் தண்டம் கட்டினர். பகலில் பள்ளியில் சீர்திருத்த சபையின் வினாவிடை, இரவில் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கத்தோலிக்க செபமாலை என்று பிள்ளைகள் இரண்டு பாடங்களைச் சுமந்த காலம் அது. கத்தோலிக்கக் குருவான ஜோசப் வாஸ் அடிகள் 1690இல் புத்தளம் வந்தபோது, கண்டி அரசின் நிழலில் இருந்த அந்தப் பகுதி கத்தோலிக்கருக்குச் சற்று மூச்சுவிட இடம் தந்தது. அவருக்குப் பின் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் சமய நூல்களை எழுதிக் குவித்து, 1742இல் போலவத்தையில் மறைந்தார். வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டு மனனம் செய்வதற்கு அவருடைய உரைநடை உகந்ததாக இருந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டதும் நிலைமை மாறியது. மறு ஆண்டு முதல் உதவிபெறும் பாடசாலைகளுக்கு, மாணவர் பெறுபேற்றைப் பார்த்துப் பணம் கொடுக்கும் முறை வந்தது. பரிசோதகர் ஆண்டுக்கொரு முறை வந்து பிள்ளைகளை வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சோதிப்பார். எத்தனை பேர் தேறினார்களோ அதற்கேற்பப் பாடசாலைக்கு மானியம். இங்கிலாந்தில் 1862இல் தொடங்கிய இந்தத் திட்டத்தை, அங்கே பள்ளிப் பரிசோதகராகவே வேலை பார்த்த கவிஞர் மத்தியூ ஆர்னல்ட் கடுமையாகக் கண்டித்தார். கல்வி எந்திரமாகிவிடும் என்பது அவர் கவலை. குடியேற்ற நாட்டுக்கு அந்த எந்திரம் பழுது பார்க்கப்படாமலே வந்து சேர்ந்தது. ஆசிரியரின் வருமானம் பிள்ளையின் தேர்ச்சியில் தொங்கியதால், வாசிப்புப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை மனப்பாடம் செய்துவரச் சொல்வது ஆசிரியருக்குப் பாதுகாப்பான வழியாயிற்று. பரிசோதகர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பிள்ளை ‘வாசிக்கும்’. பழைய மனப்பாடம் பாடத்துக்காக இருந்தது, இது மானியத்துக்காக.

எழுத்து வேலையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கருவியும் வேண்டும். மணலில் எழுதிய எழுத்து பள்ளியோடு அழிந்தது. சிலேட்டு வந்த பின் பிள்ளை கணக்கை வீட்டில் போட்டுக்கொண்டு வர முடிந்தது. ஆனால் வழியில் சட்டையில் உரசினாலோ ஒரு மழை பெய்தாலோ விடை போய்விடும். போன விடைக்கும் போடாத கணக்குக்கும் ஆசிரியரிடம் ஒரே தண்டனை. தாளில் எழுதிய கொப்பி ஏழை வீடுகளுக்குள் வந்த பிறகுதான் நேற்றைய பிழையை இன்று காட்டுவதும், தவணை முழுவதையும் புரட்டிப் பார்ப்பதும், சிவப்பு மையில் சரி போடுவதும் நடைமுறைக்கு வந்தன. அதுவரை காதால் கேட்டுத் திருத்திய ஆசிரியர் கண்ணால் பார்த்துத் திருத்துபவரானார். இந்த மாற்றம் ஆசிரியரின் மாலையையும் தின்றது. நாற்பது பிள்ளைகள் ஓதுவதைக் கேட்க ஒரு காலைப்பொழுது போதும். நாற்பது கொப்பிகளைத் திருத்த அவரும் வீட்டுக்கு வேலை கொண்டுபோக வேண்டும்.

பிள்ளையின் பக்கத்தில் குப்பி விளக்கு இருந்தது. மண்ணெண்ணெய் வாங்கும் காசில் எவ்வளவு எரியுமோ அவ்வளவுதான் படிப்பு. ஓலைக் குடிசைக்குள் கடற்காற்று புகுந்து சுடரை ஆட்டும். ஒரே விளக்கு அடுப்படிக்கும் வேண்டும், வலை பின்னவும் வேண்டும். உப்பு விளையும் வறண்ட மாதங்களில் பாலாவி, புத்தளம் உப்பளங்களில் குடும்பம் முழுவதும் வேலைக்கு இறங்கியது. உடப்பு போன்ற ஊர்களில் கரைவலைப் பருவத்தில் விடியற்காலையே வலை வளைக்கப்படும். கயிறு சுருட்டவும் மீன் பிரிக்கவும் நின்ற சிறுவர்கள் கைச்செலவுக்குக் கொஞ்சம் மீனோடு வீடு திரும்புவார்கள். கொப்பி அன்று திறக்கப்படாது. பருவக்காற்று மாறும்போது பத்தலங்குண்டு போன்ற தீவுகளுக்கும் கிழக்குக் கரைக்கும் குடும்பத்தோடு மீன்பிடி வாடி போடப் போனவர்களின் பிள்ளைகளுக்குத் தவணையே பாதியில் அறுந்தது. கலிபோர்னியா 1901இல் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு வீட்டுவேலை கொடுப்பதைச் சட்டத்தால் தடுத்தது. பிரான்ஸ் 1956இல் ஆரம்பப் பள்ளிகளில் எழுத்து வீட்டுவேலையை விலக்கியது. புத்தளக் கரையில் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. பருவம் அதைச் செய்தது.

இந்தக் கரைக்கே உரிய இன்னொரு தடை மொழி. நீர்கொழும்பிலிருந்து சிலாபத்துக்கு அப்பால் வரை வாழ்ந்த கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுமொழி தமிழாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்குள்ள பாடசாலைகள் ஒவ்வொன்றாகச் சிங்கள மொழிமூலத்துக்கு மாறின. சிலாபம் மறைமாவட்டம் 1939இல் உருவானது. 1940 முதல் 1972 வரை அதன் ஆயராக இருந்த எட்மண்ட் பீரிஸ் இம்மாற்றத்துக்கு முக்கிய காரணமாகப் பேசப்படுகிறார். வகுப்பறையில் மொழி மாறியபோது அதன் முழுச் சுமையும் மாலை நேரத்தில்தான் தெரிந்தது. பிள்ளை கொண்டுவரும் கொப்பியில் உள்ள எழுத்து தாய்க்குத் தெரியாது. சொல்வதெழுதுதலுக்குச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சிங்களத்தில் பாடம் கேட்க, பெற்றோர் மெல்ல அந்த உரையாடலுக்கு வெளியே போனார்கள். ஓரிரு தலைமுறைக்குள் பல வீடுகளில் பேச்சும் மாறியது. வீட்டுவேலை மட்டும் ஒரு மொழியை மாற்றிவிடாது. வழிபாட்டு மொழி, அரச வேலை, திருமணம், அரசியல் எல்லாம் சேர்ந்தே அது நடந்தது. ஆனால் பாடசாலையின் மொழி தினமும் வீட்டுக்குள் நுழைந்து, அடுப்படியில் அமர்ந்து, பதில் கேட்ட வழி இதுவே. உடப்பு இந்துத் தமிழர்களும் புத்தளம், கற்பிட்டி முஸ்லிம்களும் தமிழ் மொழிமூலப் பாடசாலைகளைத் தக்கவைத்துக்கொண்டனர். அங்கே தாயும் பிள்ளையும் ஒரே எழுத்தைப் பார்த்தனர்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளை மத்திய கல்லூரிக்குப் போக ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் வாசலாக இருந்தது. ஏழைப் பிள்ளைக்கு வழி திறக்க வந்த அந்தப் பரீட்சை, காலப்போக்கில் மிக அதிகமான வீட்டுவேலையைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றியது. கடந்தகால வினாத்தாள்களையும் மாதிரி வினாத்தாள்களையும் தாய்மார் தேடி வாங்கி, இரவில் நேரம் பார்த்துச் செய்வித்து, தாங்களே புள்ளியிடும் வழக்கம் இதிலிருந்து வளர்ந்தது. 1972இன் கல்விச் சீர்திருத்தம் வேறு திசையில் ஒரு முயற்சி செய்தது. ஊரின் தொழிலைப் பாடமாக்கும் தொழில் முன்னிலைப் பாடங்களும் செயற்றிட்ட வேலையும் வந்தன. மீன்பிடிக் கரையில் வலையும் வள்ளமும் படிப்பாகலாம் என்ற எண்ணம் அதில் இருந்தது. தகப்பன் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பாடசாலை கேட்ட அரிய சந்தர்ப்பம் அது. பிள்ளை மீனவனாகக் கூடாது என்றுதானே பாடசாலைக்கு அனுப்புகிறோம் என்ற பெற்றோரிடம் அது எடுபடவில்லை. 1977இன் ஆட்சி மாற்றத்தோடு அந்தத் திட்டம் போய், பழைய பரீட்சைகள் திரும்பின. 1980இல் தொடங்கிய இலவசப் பாடநூல் திட்டம் சத்தமில்லாமல் பெரிய காரியம் செய்தது. இன்ன பக்கத்தில் இன்ன அப்பியாசம் என்று ஆசிரியர் சொல்லிவிட்டால், எல்லா வீட்டிலும் அதே பக்கம் இருக்கும். கரும்பலகையிலிருந்து வினாவைப் பிழையாகப் பார்த்தெழுதி, பிழையான வினாவுக்குச் சரியான விடை கண்டுவந்த பிள்ளைகளின் காலம் முடிந்தது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தனர். கற்பிட்டி, முந்தல், புத்தளம், வண்ணாத்திவில்லு பிரிவுகளில் ஓலைக் கொட்டில்களாக முகாம்கள் எழுந்தன. உள்ளூர்ப் பாடசாலைகளில் காலையில் ஒரு கூட்டமும் மாலையில் இன்னொரு கூட்டமும் படித்தன. மாலை வகுப்பு முடிந்து முகாமுக்குப் போகும் பிள்ளைக்கு வெளிச்சம் மிச்சமில்லை. ஒரே கொட்டிலில் குடும்பம் முழுவதும் இருக்க, கொப்பி விரிக்க மேசை எங்கே? பாடம் நடத்தியவர்களில் பலர் தாங்களும் முகாமிலேயே வாழ்ந்த வடக்கு ஆசிரியர்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கல்விக்குக் கொடுத்த மதிப்பை அகதி வாழ்விலும் விடாத குடும்பங்கள் மாலை வகுப்புகளையும் தனியார் வகுப்புகளையும் நாடின. உள்ளூர்ப் பெற்றோரிடமும் போட்டி உணர்வு கூடியது. இடமும் வளமும் பங்கிடப்பட்டதால் முணுமுணுப்பும் கூடவே வந்தது.

ரியூசன் பரவிய பின் வீட்டுவேலைக்கு இரண்டு எசமானர்கள். பாடசாலை ஒரு வேலை கொடுக்கும். பணம் வாங்கும் ரியூசன் ஆசிரியர் இன்னொன்று கொடுப்பார். பிள்ளை எதை முதலில் செய்யும் என்பதில் ஐயமில்லை. பாடசாலை வேலையை ரியூசனிலேயே செய்து முடித்துக்கொண்டு வரும் வழக்கமும் உண்டு. அப்போது வகுப்பாசிரியர் திருத்துவது பக்கத்துத் தெரு ஆசிரியரின் விடையை. தொண்ணூறுகளின் இறுதியில் வந்த பாடசாலை மட்டக் கணிப்பீடு இதைச் சரிசெய்யப் பார்த்தது. ஒப்படை, கண்காட்சி, குழுவேலை, களத்தில் பார்த்து எழுதுவது என்று பலவகை வேலைகளுக்கு முன்கூட்டியே நியதிகள் வகுத்து, தவணைதோறும் புள்ளியிடும்படி ஆசிரியருக்குச் சொல்லப்பட்டது. நோக்கம் நல்லது, கிட்டத்தட்ட லெப்பையின் பாயைப் போலத் தனித்தனியே பார்க்கும் முறை. ஆனால் நெரிந்த வகுப்பில் அது படிவம் நிரப்பும் வேலையாகச் சுருங்கியது. ஒப்படைகள் கடையில் வாங்கிய பளபளப்பான அட்டைகளிலும் படங்களிலும் ஒட்டி வந்தன. அழகுக்குப் புள்ளி கிடைத்தபோது காசுள்ள வீடு முந்தியது.

2020 மார்ச் 13ஆம் திகதி கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. நேத்ரா தொலைக்காட்சியில் தமிழில் ‘குருகெதர’ பாடங்கள் ஒளிபரப்பாயின. வாட்ஸ்அப் குழுக்களில் செயலட்டைகள் வந்தன. பிள்ளை கொப்பியில் எழுதிப் படமெடுத்து அனுப்ப, ஆசிரியர் சின்னத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் திருத்தினார். வீட்டில் ஒரே ஒரு போன் இருந்தால் அது தகப்பனோடு கடலுக்குப் போகும். அவர் கரை திரும்பிய பிறகே பிள்ளைக்குப் பாடம். டேட்டாக் காசு போட முடியாத வீடுகளுக்காகச் சில ஆசிரியர்கள் செயலட்டைகளைப் பிரதி எடுத்துக் கொடுத்தனர். பாடசாலைகள் திறந்த பின்னும் குழுக்கள் கலையவில்லை. நாளைய வீட்டுவேலை இரவு ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் பெற்றோரின் போனுக்கு வந்து விழுகிறது. பிள்ளை குறித்துக்கொண்டு வரவேண்டிய கட்டாயம் போய், கேட்டுச் செய்விக்கும் பொறுப்பு தாய்மாரிடம் வந்திருக்கிறது.