வானத்தை வரைந்த ஜனங்கள்



வானத்தைக் கண்டு தேவ மகிமையை எண்ணும்படி 19-ஆம் சங்கீதம் நமக்குக் கற்பிக்கிறது. வானத்தையே மிகுதியாக வரைந்த டச்சு மக்களின் சரித்திரத்தை இவ்வாரம் தியானிப்போம்.

1566-இல் நெதர்லாந்தில் சீர்திருத்தக் கூட்டத்தார் பல ஆலயங்களில் புகுந்து சிலைகளையும் படங்களையும் உடைத்தனர். பின்னர் சீர்திருத்த சபையின் வசமான ஆலயங்களில் பலிபீடப் படங்களுக்கு இடமில்லாமற்போயிற்று. ஓவியர்கள் சந்தையை நாடினார்கள். வணிகரும் கைவினைஞரும் தங்கள் வீட்டுச் சுவர்களுக்குப் படம் வாங்கினார்கள். ஆறும் மணற்குன்றும் மேகமும் அவ்வீடுகளுக்குள் வந்தன.

ஓவியர்கள் வெளியே சென்று குறிப்புப்படம் எழுதிக்கொண்டு, வண்ணப்படத்தை உள்ளே அமர்ந்து முடித்தார்கள். நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தார்கள். அவ்வெண்ணெய் நீரைப்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றோடு சேர்ந்து மெல்ல இறுகும். யான் வான் கோயன் பழுப்பும் சாம்பலுமாகச் சில நிறங்களையே மெல்லிதாகப் பூசி விரைந்து வரைந்தார். அதனால் விலையும் எளியதாயிற்று. மேகத்திற்கு ஈய வெள்ளை. நீலத்திற்கு, கோபால்ட் கலந்த கண்ணாடியை அரைத்த மலிவான பொடி. அந்த நீலம் எண்ணெயில் நாளடைவில் வெளிறிவிடும். இன்று மந்தாரமாகத் தோன்றும் சில வானங்கள் வரைந்த நாளில் நீலமாயிருந்தவை.

யாக்கோப் வான் ரூஸ்டால் 1670-களில் வரைந்த ஹார்லெம் நகரக் காட்சியில் மூன்றில் இரண்டு பங்கு வானமே. கீழே, வெளுப்பதற்காகப் புல்வெளியில் விரித்த துணிகள், அவற்றினிடையே சிறு உருவங்களாய் உழைப்பாளிகள், தொடுவானில் பேராலயம்.

அப்படங்களில் இடம்பெறாத ஒரு கரை உண்டு. அது நம் கரை. 1613-இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, நம் நெசவாளரின் துணிகளோடு மனிதரையும் கப்பலேற்றியது. 1659-61 தஞ்சைப் பஞ்சத்தில் பசிக்கு விலைபோன ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். கம்பெனியை நடத்தியவர்களில் அநேகர் அதே சீர்திருத்த சபையில் ஓய்வுநாள்தோறும் பிரசங்கம் கேட்டவர்களே.

பிரியமானவர்களே, உவமையில் வரும் ஐசுவரியவானுக்கும் கண்கள் இருந்தன. வாசலில் கிடந்த லாசரு மாத்திரம் அவற்றில் படவில்லை. ஆலங்காயத்தில் நாமும் ஜவ்வாது மலையைக் கண்டு கர்த்தரைத் துதிக்கிறோம். கூலி வேலை தேடி அம்மலையை விட்டு வெளியூர் போகிறவர்களில் எத்தனை பேரை நாம் பெயர் சொல்லி அறிவோம்? அவர்கள் பின்னே விட்டுப்போன முதியோரும் பிள்ளைகளும் இன்று உண்டார்களா என்று கேட்டதுண்டா?

இவ்வாரம் அப்படிப்பட்ட ஒரு வீட்டின் வாசலுக்குப் போய் வருவோமாக. நம் துதி அங்கே சோதித்தறியப்படும். ஆமென்.