துருப்பிடித்த ஒரு திருகாணியின் பின்னால் இருக்கும் 250 ஆண்டு வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

கடல்நீர்த் தொட்டியில் உயிருள்ள பவழம் வளர்ப்பவர்கள் இப்போது நம் ஊர்களிலும் உண்டு. அவர்கள் அதிகம் பயப்படும் பொருள்களில் ஒன்று துரு. குழாயை இறுக்கும் கிளாம்ப், விளக்கைத் தாங்கும் திருகாணி, கண்ணாடி துடைக்கும் காந்தம் என எதிலாவது பழுப்புக் கறை தெரிந்தால் தூக்கம் போய்விடும். "துரு பவழத்தைக் கொல்லுமா?" என்ற கேள்விக்கு ஒருவர் ஆம் என்பார், இன்னொருவர் இரும்புதானே, நல்லதுதான் என்பார். நான் பள்ளியில் வரலாறு நடத்தியவன். என் பழக்கப்படி, இந்தக் கேள்வி எங்கிருந்து தொடங்குகிறது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். அது மீன்தொட்டியில் தொடங்கவில்லை, போர்க்கப்பலில் தொடங்குகிறது.

18ஆம் நூற்றாண்டில் மரக்கப்பல்களுக்குப் பெரிய எதிரி கப்பல்புழு. மரத்தைத் துளைத்துச் சல்லடையாக்கிவிடும். பாசியும் கொட்டலசும் அடிப்பாகத்தில் ஒட்டி வேகத்தைக் குறைக்கும். இதற்கு மருந்தாக 1761இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. கப்பல் திரும்பி வந்ததும் ஆராய்ந்தார்கள். மரம் நன்றாக இருந்தது, புழு இல்லை. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் கரைந்து கூழாகியிருந்தன. சில இடங்களில் மட்டும் ஆணிகள் அப்படியே இருந்தன. தகடுகளைச் சுற்றிவந்த பழுப்புக் காகிதம் அங்கே கிழியாமல் ஒட்டிக்கொண்டிருந்து, இரும்பையும் செம்பையும் தொடவிடாமல் பிரித்திருந்தது. கடல்நீருக்குள் செம்பும் இரும்பும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்று 1763இல் அறிக்கை எழுதப்பட்டது.

மின்கலம் என்ற ஒன்றை வோல்ட்டா உருவாக்கியது 1800இல்தான். அதற்கு முன்பே கடல் தன் பாடத்தை நடத்திவிட்டது. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்புநீரில் கிடந்தால், அவற்றுக்கிடையே மின்னோட்டம் ஓடும். வலுவற்ற உலோகம் தன்னையே கரைத்துக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும்.

அடுத்து வந்தவர் ஹம்ப்ரி டேவி. சுரங்கத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விளக்கால் நம் பாடப்புத்தகங்களில் இடம்பிடித்தவர். செம்புத் தகடும் கடல்நீரில் மெல்ல அரிக்கப்படுகிறது, அதைத் தடுக்க வழி உண்டா என்று கடற்படை கேட்டது. 1824இல் அவர் சொன்ன வழி எளிமையானது. செம்போடு ஒரு சிறு துண்டு துத்தநாகத்தையோ இரும்பையோ இணையுங்கள், அது கரையும், செம்பு தப்பிக்கும் என்றார். சோதனையில் அவர் உதவியாளர் மைக்கேல் ஃபாரடே. 'சமராங்' என்ற கப்பலில் செய்துபார்த்தார்கள். செம்பு உண்மையாகவே கரையவில்லை.

ஆனால் கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் தோட்டம் போல வளர்ந்துவிட்டன!

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். செம்பு கரைந்தபோது உயிரினங்கள் ஒட்டவில்லை. கரையாதபோது ஒட்டிக்கொண்டன. அப்படியென்றால் இத்தனை காலம் கப்பலைக் காத்தது செம்புத் தகடு என்பதைவிட, அதிலிருந்து நீரில் கசிந்த செம்பு நஞ்சு என்பதே சரி. டேவியின் கணக்கில் இது தோல்வி. பவழம் வளர்ப்பவர்களுக்கோ இதுதான் முதல் பாடம். கடலின் முதுகெலும்பற்ற உயிர்களுக்குக் கரைந்த செம்பு ஆகாது.

இனி தொட்டிக்கு வருவோம். 1846இல் அன்னா தின் என்ற ஆங்கிலேயப் பெண்மணி டார்கி கடற்கரையில் உயிருள்ள கல்பவழங்களைக் கண்டார். ஊசிநூலால் அவற்றை ஒரு பெரிய கடற்பஞ்சில் தைத்து, கடல்நீர் நிரப்பிய கல் ஜாடியில் லண்டனுக்குக் கொண்டுபோனார். வீட்டில் கண்ணாடிக் கிண்ணங்களில் வைத்தார். காற்றேற்றும் கருவி ஏது? பணிப்பெண் திறந்த ஜன்னல் முன் நின்று நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றி ஆற்றி ஊற்றினார், நாம் டீ ஆற்றுவது போல. அந்தப் பவழங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. கல், கண்ணாடி, பஞ்சு, நூல் என அவர் பயன்படுத்திய பொருள்களில் பவழத்தை வதைக்கும் உலோகம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பெரிய பொதுக் காட்சியகம் கட்டும்போது கையால் ஆற்ற முடியாது. நீராவி எந்திரம், பம்ப், குழாய் எல்லாம் வேண்டும். அன்றைக்குக் குழாய் என்றால் இரும்பு, ஈயம், செம்பு, பித்தளை. இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட். புத்தகம் பைண்டிங் செய்து பிழைத்தவர், கடல் உயிர்கள் மேல் கொண்ட ஆசையால் லண்டனில் மீன்தொட்டிக் கடை வைத்தார், நொடித்தும் போனார். பிறகு ஹாம்பர்க் நகரில் 1864இல் திறந்த காட்சியகத்தையும், லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 1871இல் திறந்த காட்சியகத்தையும் வடிவமைத்தார். உப்புநீர் தொடும் பம்புகளுக்கும் குழாய்களுக்கும் அவர் தேர்ந்தெடுத்தது வல்கனைட், அதாவது ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துக் கடினமாக்கிய பொருள். பேனாவும் சீப்பும் செய்த அதே சரக்கு. கீழே இருட்டறையில் காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தேக்கம் வைத்து, நீரை ஓயாமல் சுழலவிட்டார். இன்று வீட்டுத் தொட்டியின் அடியில் வைக்கும் 'சம்ப்' அந்த யோசனையின் பேரப்பிள்ளை. பிளாஸ்டிக் குழாய் வல்கனைட்டின் பேரப்பிள்ளை.

20ஆம் நூற்றாண்டில் இந்தப் பாடம் வீடுகளில் மறுபடி மறந்துபோனது. இரும்புச் சட்டத்தில் மக்கு வைத்துக் கண்ணாடி பதித்த தொட்டிகள் வந்தன. நன்னீருக்கு அவை போதும், கடல்நீர் ஊற்றினால் சட்டமே அரித்துப்போகும். எவர்சில்வர் சட்டம் வந்து கொஞ்சம் தள்ளிப்போட்டது. 1960களில் சிலிக்கான் பசை வந்தபின்தான் சட்டமே இல்லாத முழுக் கண்ணாடித் தொட்டி சாத்தியமானது. அதே காலத்தில், 1961இல், இந்தோனேசியாவின் லீ சின் எங் உயிருள்ள பாறைகளையும் காற்றுக் குமிழ்களையும் மட்டும் வைத்துப் பவழங்களை வளர்க்கும் முறையை எழுதினார். இன்றைய பவழத்தொட்டிக்கு அது ஒரு முன்னோடி.

செம்புப் பாடமும் மறுபடி படிக்க வேண்டியிருந்தது. கடல்மீன்களின் ஒட்டுண்ணி நோய்க்குச் செம்பு நல்ல மருந்து. லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவைப் பல மீன்கள் தாங்கும். அதே நீரில் பவழமும் இறாலும் நத்தையும் தாங்காது. அதனால்தான் மருந்து கொடுக்கத் தனித் தொட்டி வேண்டும் என்கிறார்கள்.

சரி, செம்பு நஞ்சு. இரும்பு?

இரும்பின் கதை வேறு. காற்றோட்டமுள்ள கடல்நீரில் துரு மிகமிகக் குறைவாகவே கரையும். பெரும்பகுதி பழுப்பு வண்டலாகத் தங்கிவிடும். இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. பவழத்தொட்டியில் மிகுதியாகும் பாஸ்பேட்டை உறிஞ்சக் கடைகளில் விற்கும் செம்பழுப்புக் குருணை வேறொன்றுமில்லை, இரும்பின் ஆக்சைடு-ஹைட்ராக்சைடுதான். துருவின் உறவுக்காரனைக் காசு கொடுத்து வாங்கித் தொட்டியில் வைக்கிறோம்!

அப்படியானால் பயம் எதற்கு? கடலில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதே நெடுங்காலம் தப்பாகத்தான் அளக்கப்பட்டது. நீர் எடுத்த கருவி, கம்பிவடம், கப்பல் எல்லாமே உலோகம். கப்பலின் துருவையே கடலின் இரும்பு என்று எழுதிவைத்தார்கள். 1980களில் அமெரிக்காவின் ஜான் மார்ட்டின் உலோகம் படாத முறையில் நீரெடுத்து அளந்தார். அலாஸ்கா வளைகுடாவின் மேற்பரப்பு நீரில், ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமின் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு அரிதான பொருளுக்காக நுண்பாசிகள் பசியோடு காத்திருக்கின்றன. அங்கே இரும்பு கொட்டினால் அது நஞ்சாக அல்ல, உரமாக வேலை செய்யும். உரம் யாருக்கு என்பதுதான் கேள்வி.

இதற்கான பதிலை ஒரு விபத்து காட்டியது. பசிபிக் பெருங்கடலின் நடுவில் பால்மைரா என்ற பவழத்தீவு. நிரந்தரக் குடிகள் இல்லை, தொழிற்சாலை இல்லை, சாக்கடை இல்லை. மண்ணே பவழச் சுண்ணாம்பு என்பதால் இரும்பும் மிகக் குறைவு. 1991இல் 37 மீட்டர் நீள மீன்பிடிக் கப்பல் ஒன்று அங்கே தட்டி நின்றது. அகற்றச் செலவு அதிகம், அங்கேயே துருப்பிடித்துக் கிடந்தது. சில ஆண்டுகளில் அதைச் சுற்றி ரோடாக்டிஸ் என்ற காளான் போன்ற உயிரி பரவத் தொடங்கியது. தொட்டிக்காரர்கள் 'மஷ்ரூம் கோரல்' என்று ஆசையாக வாங்கும் இனத்தின் சொந்தம் அது. கப்பலின் அருகே அது கம்பளமாக விரிந்து கல்பவழங்களை மூடியது. தள்ளிப்போகப் போகக் குறைந்தது. 2001இல் போட்ட படகு கட்டும் மிதவைகளைச் சுற்றியும் அது மண்டியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டு, 2008இல் வெளியிட்டார்கள். கப்பலிலிருந்து கசிந்த இரும்பின் மேல் சந்தேகம் விழுந்தது.

அதே தீவுக்கூட்டத்தில் வேறு சிதைவுகளைச் சுற்றிப் பவழம் கறுத்துப்போயிருந்தது. 'கறுப்புப் பாறைத்திட்டு' என்றே அதற்குப் பெயர். 2012இல் வந்த ஆய்வு, இரும்பு சேர்ந்ததும் பாசிகளும் நுண்ணுயிர்களும் கொழுத்து, அவற்றின் வழியாகவே பவழம் சாகிறது என்று சுட்டியது. கடைசியில் 2013-14இல் பால்மைராவின் கப்பலைத் துண்டுதுண்டாக வெட்டி எடுத்துப்போனார்கள். தட்டியபோதே எடுத்திருந்தால் சுலபமாக முடிந்திருக்கும்.

ஆக, நம் கேள்விக்கு விடை இரண்டு பகுதி. துரு நேரடியாகக் கொல்வது அரிது. ஒன்று, அது பாசிக்குச் சோறு போடும். இரண்டு, துருவோடு கூட வருபவர்கள்தான் கொலைகாரர்கள். பித்தளைத் திருகாணியிலிருந்து செம்பு, முலாம் பூசிய கம்பியிலிருந்து துத்தநாகம், வெடித்த காந்தத்தின் பூச்சிலிருந்து நிக்கல்.

தொட்டி வைத்திருப்பவர்கள் மூன்றைப் பாருங்கள். முதலில் நீருக்கு மேலே பாருங்கள். உப்புத்தூறல் படிந்த விளக்குத் திருகாணியிலிருந்து சொட்டும் துரு கண்ணில் படாது. அடுத்து, காந்தங்களின் பிளாஸ்டிக் உறையில் விரிசல் இருந்தால் அன்றே எடுத்துவிடுங்கள். எவர்சில்வர் என்ற பெயரையும் நம்பாதீர்கள். அதைக் காக்கும் மெல்லிய குரோமியப் படலத்தை உப்பு துளைத்துவிடும். துருவைக் கண்டால் பொருளை எடுத்து, நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, கரி வடிகட்டி வையுங்கள். பதறி ஒரே நாளில் எல்லா நீரையும் கொட்டிவிட வேண்டாம்.

பால்மைராவின் கடல் எவ்வளவு பெரியது, அந்தக் கப்பல் எவ்வளவு சிறியது! அங்கேயே இவ்வளவு நடந்ததென்றால், 200 லிட்டர் தொட்டிக்கு ஒரு திருகாணி சின்ன விஷயமல்ல. நாம் கடலில் விட்டுவைக்கும் இரும்பும் அப்படித்தான்.

உங்கள் அனுபவங்களையும், என் கண்ணில் படாத தகவல் இருந்தால் அதையும் கீழே எழுதுங்கள். படித்துப் பதில் சொல்கிறேன்.