சாரணர் இயக்கம்னா அணிவகுப்பு மட்டும்தானா? தொடங்கிய கதை இதுதான்!

காரைக்குடி பக்கம் சுதந்திர தின விழாவுல, கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டி அணிவகுத்து வரும் சாரண மாணவர்களைப் பார்த்திருப்பீங்க. ஆனா இந்த இயக்கம் அணிவகுப்புக்காகத் தொடங்கியது இல்லை.

எப்படித் தொடங்கியது?

1907 ஆகஸ்ட். இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் 20 சிறுவர்களோடு கூடாரம் போட்டார். வசதியான வீட்டுப் பசங்களும் தொழிலாளர் வீட்டுப் பசங்களும் ஒன்றாகத் தங்கினர். மொத்தம் 4 அணிகள். அணித்தலைவரும் ஒரு சிறுவன்தான். முடிச்சுப் போடுவது, முதலுதவி, தடம் பார்த்துப் போவது எல்லாமே செய்து பார்த்துக் கற்றவை.

நம்ம ஊருக்கு எப்படி வந்தது?

1909-ல் பெங்களூருவில் சாரணர் படை தொடங்கியபோது இந்தியச் சிறுவர்களுக்கு அதில் இடமில்லை. பின்னர் அன்னி பெசன்ட்டும் அருண்டேலும் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினர். நம்ம பசங்க தலைப்பாகை கட்டி, இந்தியப் பாடல்கள் பாடினாங்க. தனித்தனி அமைப்புகள் 1950 நவம்பர் 7-ல் ஒன்றாகின. அந்த இயக்கத்தின் வைர விழா பெருந்திரளணி 2025-ல் மணப்பாறையில் நடந்தது.

வேருக்குத் திரும்ப என்ன வேணும்?

ஆறேழு பேர் கொண்ட அணி, அவர்களில் ஒரு தலைவர், ஒரு கயிறு, கொஞ்சம் திறந்தவெளி. முக்கியமா, பொறுப்பைப் பிள்ளைகள் கையில் விடும் ஆசிரியர்.