எட்டு விநாடி ‘ஜான்சன்’!

எட்டே எட்டு விநாடிதான். ஒரு பழைய படச்சுருளின் துண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ரூல்வில் என்றொரு குட்டி ஊர். அங்கே சினிமா தியேட்டர் வாசலில் ஒரு கறுப்பின இளைஞர் கிடார் வாசித்துக்கொண்டு நிற்கிறார். வாயருகே மவுத் ஆர்கன். சத்தம் கிடையாது. படம் முடிந்தது!

1990-களின் கடைசியில் இந்தத் துண்டு வெளியே வந்தபோது ப்ளூஸ் ரசிகர்களுக்குத் தலைகால் புரியவில்லை. ‘ஐயோ, இது நம்ம ராபர்ட் ஜான்சன்!’ என்று குதித்தார்கள்.

யார் இந்த ஜான்சன்? எரிக் க்ளாப்டன், கீத் ரிச்சர்ட்ஸ் மாதிரியான ராக் ஜாம்பவான்களே குரு ஸ்தானத்தில் வைத்துக் கும்பிடுகிற மனிதர். 1936-ல் சான் அன்டோனியோவிலும் 1937-ல் டல்லாஸிலும் மொத்தம் 29 பாடல்களைப் பதிவு செய்தார். 1938 ஆகஸ்டில் செத்துப் போனார். வயது 27. இசைத்தட்டு இருக்கிறது, குரல் இருக்கிறது. ஆனால், அவர் வாசித்ததை ஒரு அடி ஃபிலிமில்கூட யாரும் பிடித்து வைக்கவில்லை. அப்படியிருக்க, எட்டு விநாடி கிடைத்தால் சும்மாவா?

கொஞ்ச நாள்தான் சந்தோஷம். எவரோ ஒரு புண்ணியவான் அந்த இளைஞரை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் இருந்த சினிமா போஸ்டரை உற்றுப் பார்த்தார். படத்தின் பெயர் ‘ப்ளூஸ் இன் த நைட்’. அது ரிலீஸ் ஆனது 1941-ல்! செத்து மூன்று வருஷமான மனுஷர் தியேட்டர் வாசலில் எப்படி கிடார் வாசிப்பார்? (‘ஏன், வாசிக்க முடியாதா?’ என்று கேட்கிற கோஷ்டியும் உண்டு. அந்தக் கதைக்கு வருகிறேன்.)

டாகுமென்டரிகள் ப்ளூஸுக்கு நியாயம் செய்கின்றனவா என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு இந்த எட்டு விநாடிதான் ஞாபகத்துக்கு வரும். இசை ஓஹோ என்று பிறந்த 1920, 30-களில் கேமரா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பருத்திக் காட்டில் குத்தகைக்கு உழைத்துக் கடனில் மூழ்கிக் கிடந்த கறுப்பர்களை யார் படம் எடுப்பார்கள்? இசைத்தட்டு கம்பெனிக்காரர்கள் மூன்று நிமிஷப் பாட்டாகப் பதிவு செய்து, கையில் கொஞ்சம் டாலரைத் திணித்து அனுப்பிவிடுவார்கள். ‘ப்ளூஸ் மகாராணி’ பெஸ்ஸி ஸ்மித்தே சினிமாவில் தெரிவது ஒரே ஒரு தடவைதான். 1929-ல் வந்த ஒரு குறும்படம். சுமார் பதினாறு நிமிஷம்.

ஆக, பின்னால் வந்த டைரக்டர்களின் கையில் இருந்ததெல்லாம் ஒரு வெற்றிடம். அதை எதைக் கொண்டு நிரப்புவது? நிலா வெளிச்சத்தில் ஒரு நாற்சந்தி, தூரத்தில் ஓடுகிற ரயில், பருத்திக்காடு... அப்புறம் பிசாசு!

கதை உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். ஜான்சன் முதலில் சுமாராகத்தான் கிடார் வாசித்தாராம். நடுராத்திரி நாற்சந்திக்குப் போய்ப் பிசாசிடம் ஆன்மாவை அடகு வைத்தாராம். திரும்பி வந்தபோது விரல்களில் மந்திரம்!

இந்தக் கதை முதலில் இவரைப் பற்றியதே இல்லை. டாமி ஜான்சன் என்ற வேறொரு பாடகரைப் பற்றி அவருடைய அண்ணன் சொன்ன கதை அது. குடும்பப் பெயர் ஒன்று என்பதைத் தவிர இருவருக்கும் ஒட்டு உறவு கிடையாது. ஆனாலும் 1960-களுக்குப் பிறகு ராபர்ட் தலையில் வந்து உட்கார்ந்த பிசாசு இறங்கவே இல்லை. 2019-ல் நெட்ஃப்ளிக்ஸ் எடுத்த டாகுமென்டரியின் பெயரே ‘டெவில் அட் த கிராஸ்ரோட்ஸ்’. உள்ளே விஷயம் தெரிந்த பலர் பொறுப்பாகத்தான் பேசுகிறார்கள். ஆனால், தலைப்பில் பிசாசு இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள்!

நிஜத்தில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். ஐக் ஸிம்மர்மன் என்றொரு கிடார் வாத்தியார். ஜான்சன் அவர் வீட்டிலேயே தங்கிக் கற்றுக்கொண்டார். ராத்திரியில் இரண்டு பேரும் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், கல்லறை மேல் உட்கார்ந்து சாதகம் செய்வார்களாம். பேய் பிசாசு சமாசாரம் எல்லாம் இல்லை. ஊரார் தூக்கம் கெடாமல் வாசிக்க அதைவிட நல்ல இடம் ஏது? இதைச் சொன்னது ஸிம்மர்மனின் மகள். ஒரு மனிதன் விரல் தேயத் தேய உழைத்துச் சம்பாதித்த வித்தையைத் தூக்கிப் பிசாசின் பெயரில் பட்டா போட்டுக் கொடுத்தால், அதற்கு என்ன பெயர்? எனக்கு இந்த விஷயத்தில் கோபமே உண்டு.

எல்லாப் படங்களும் அப்படி இல்லை. ‘த சர்ச் ஃபார் ராபர்ட் ஜான்சன்’ என்று 1991-ல் ஒரு படம் வந்தது. ஜான் ஹேமண்ட் என்ற ப்ளூஸ் பாடகர், ஜான்சனை நேரில் அறிந்தவர்களைத் தேடித் தேடிப் போய்ப் பார்க்கிறார். அதில் வில்லி மே பவல் என்ற மூதாட்டி வருகிறார். ஒரு காலத்தில் ஜான்சனின் காதலி. ‘லவ் இன் வெய்ன்’ பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். பாட்டின் கடைசியில் ஜான்சன் ஒரு பெயரைச் சொல்லிப் புலம்புவார். அந்தப் பெயர்தான் இவர் பெயர்! ஐம்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனவன் தன்னைக் கூப்பிடுவதை ஒரு கிழவி உட்கார்ந்து கேட்கிறாள். கிராஃபிக்ஸ் நிலா எதுவும் தேவைப்படவில்லை.

2003-ல் மார்ட்டின் ஸ்கார்ஸேஸி தலைமையில் ஏழு டைரக்டர்கள் ஆளுக்கொரு படம் எடுத்தார்கள். பெரிய பட்ஜெட், பெரிய பெயர்கள். அதில் விம் வெண்டர்ஸ் பழைய காலத்துக் கைச்சுற்றுக் கேமராவை வைத்து, நடிகர்களை நடிக்கவிட்டு, 1930-களில் எடுத்தது போலவே காட்சிகளை உருவாக்கினார். அழகுதான். ஆனால், பார்க்கிறவர் அசல் என்று நம்பிவிடும் ஆபத்து இருக்கிறதே! அதே படத்தில், 1960-களில் ஒரு தம்பதி சொந்த ஆர்வத்தில் எடுத்த ஜே.பி. லெனோயரின் நிஜக் காட்சிகளும் இருக்கின்றன. வரிக்குதிரைக் கோட்டு போட்டுக்கொண்டு மனுஷர் பாடுகிறார். அவர் திரைக்கு வந்த மறுநிமிஷம் நடிகர்கள் நம் நினைவிலிருந்தே காணாமல் போய்விடுகிறார்கள்!

உயிரோடு இருந்த ஒருவரை உருப்படியாகப் படம் எடுத்தவர் என்றால் லெஸ் ப்ளாங்க். 1960-களின் கடைசியில் டெக்சஸ் பாடகர் லைட்னின் ஹாப்கின்ஸைத் தேடிப் போனார். முதல் நாள் சில பாடல்கள் பாடிவிட்டு, ‘வேலை முடிஞ்சுது, மூட்டையைக் கட்டுங்க’ என்கிற தோரணையில் ஹாப்கின்ஸ் துரத்தப் பார்த்தார். அப்புறம் சீட்டாட உட்கார்ந்தார்கள். ப்ளாங்க் தோற்றார். ஹாப்கின்ஸுக்கு ஏக குஷி! மறுநாளும் ஆட்டம், மறுபடியும் தோல்வி. அதன் பிறகே வீடு திறந்தது, ஊர் திறந்தது. அரை மணி நேரப் படம்தான். அதில் பண்டிதர்களின் விளக்கவுரை கிடையாது. அடுப்பில் வேகும் இறைச்சி, கறுப்பு கௌபாய்கள், வெயிலில் காயும் தெரு... நடுவே கிடார்.

ஜான்சனோடு சீட்டாட யாரும் போகவில்லை. ஆனால், 2020-ல் ஒரு விஷயம் நடந்தது. ஆனி ஆண்டர்சன் என்ற தொண்ணூறு வயதைத் தாண்டிய அம்மையார் ஒரு புத்தகம் வெளியிட்டார். ‘பிரதர் ராபர்ட்’. ஜான்சனின் அம்மாவுடைய முதல் கணவருக்கு, இன்னொரு மனைவி மூலம் பிறந்த மகள் இவர். ரத்த உறவு இல்லை, ஆனாலும் அவருக்கு ஜான்சன் அண்ணன்தான். வீட்டுக்கு வந்தால் வெள்ளைக்காரப் பாடகர் ஜிம்மி ரோஜர்ஸின் பாட்டுகளைக்கூட அண்ணன் பாடுவார் என்கிறார். பிசாசுக் கதையைக் கேட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புத்தக அட்டையில் அதுவரை வெளியுலகம் பார்க்காத ஒரு ஃபோட்டோ. மெம்பிஸ் நகரத்து பீல் ஸ்ட்ரீட்டில், காசு போட்டால் படம் எடுத்துத் தருகிற கடையில் எடுத்தது. அதற்காக அண்ணன் உள்ளே போனபோது, பத்து வயதுச் சிறுமியாக ஆனியும் கூடப் போயிருக்கிறார். கையில் கிடாரோடு ராபர்ட் ஜான்சன் கேமராவைப் பார்க்கிறார்.

சிரிக்கிறார்.