பி.எஸ்.-6 டீசல்: பழைய காருக்கும் புதிய காருக்கும் என்ன வேறுபாடு?

ஆகுர்டி (புனே): மும்பை - புனே பழைய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஆகுர்டியில் இன்று எந்தப் பெட்ரோல் பங்கில் டீசல் நிரப்பினாலும், ஒரு கிலோ டீசலில் கந்தகத்தின் அளவு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாரத் ஸ்டேஜ் 6 எனப்படும் இந்தத் தரநிலை, 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. இதற்கு முந்தைய பி.எஸ்.-4 டீசலில் 50 மில்லிகிராம் வரையிலும், பி.எஸ்.-3 டீசலில் 350 மில்லிகிராம் வரையிலும் கந்தகம் அனுமதிக்கப்பட்டிருந்தது.

ஊருக்கு ஒரு டீசல் என்ற நிலையும் ஒரு காலத்தில் இருந்தது. 2010-ஆம் ஆண்டு பி.எஸ்.-4 எரிபொருள் முதலில் 13 பெருநகரங்களுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. புனேயும் சென்னையும் அப்பட்டியலில் இடம்பெற்றன. புனேயில் தூய டீசல் நிரப்பிய கார், நகர எல்லையைத் தாண்டி வெகுதூரம் சென்றபின் மறுபடியும் நிரப்பினால் 350 மில்லிகிராம் கந்தகம் கொண்ட டீசலையே பெற வேண்டியிருந்தது. 2017 ஏப்ரலில்தான் பி.எஸ்.-4 நாடெங்கும் வந்தது. பி.எஸ்.-5 நிலையைத் தவிர்த்து நேராக பி.எஸ்.-6-க்குச் செல்வதென 2016 ஜனவரியில் மத்திய அரசு முடிவெடுத்தது. தில்லிக்கு மட்டும் இந்த எரிபொருள் 2018 ஏப்ரலிலேயே வந்துவிட்டது.

கந்தகத்தின் மீது இத்தனை கவனம் ஏன் என்ற கேள்வி எழலாம். எரியும்போது அது கந்தக டை ஆக்சைடாகவும் நுண்ணிய சல்பேட் துகள்களாகவும் மாறுகிறது. அதைவிட முக்கியமாக, புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியின் திறனைக் கெடுத்துவிடுகிறது. எனவே, எரிபொருளைத் தூய்மையாக்காமல் நவீன புகை வடிகட்டியைக் காரில் பொருத்துவதில் பயனில்லை.

இதன் மறுபக்கம் பலருக்குத் தெரிவதில்லை. பழைய பி.எஸ்.-3 அல்லது பி.எஸ்.-4 காரில் இன்றைய டீசலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சல்பேட் மாசும் குறையும். ஆனால் அந்தக் கார் பி.எஸ்.-6 காராகிவிடாது. டீசல் கார்களுக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு, கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகவும், துகள் வரம்பு 25-லிருந்து 4.5 ஆகவும் குறைந்ததற்குப் புகைக்குழாயில் சேர்க்கப்பட்ட கருவிகளே முதன்மைக் காரணம். அக்கருவிகளின் செலவும் சிறிதல்ல. மாருதி சுசுகி நிறுவனம் 2020 ஏப்ரலுடன் டீசல் கார் விற்பனையையே நிறுத்திக்கொண்டது.

கந்தகத்தை நீக்கும்போது டீசலின் வழுவழுப்பும் குறைவதால், பழைய எரிபொருள் பம்பு தேய்ந்துவிடும் என்ற அச்சம் உண்டு. இதைச் சரிசெய்ய உரிய சேர்மங்கள் சுத்திகரிப்பு நிலையத்திலேயே கலக்கப்படுகின்றன. உரிமையாளர் தனியாக எதையும் ஊற்றத் தேவையில்லை.

புதிய கார் வைத்திருப்பவருக்கே கவனம் அதிகம் தேவை. துகள் வடிகட்டியில் சேரும் கரியை, ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கார் தானாகவே எரித்து அகற்ற வேண்டும். வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு நாள்தோறும் மூன்று, நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காரில் அந்த வெப்பம் உருவாவதில்லை. கரியை எரிக்கும் முயற்சி பாதியில் நின்றுபோனால், அதற்காகக் கூடுதலாகச் செலுத்தப்படும் டீசலில் ஒரு பகுதி என்ஜின் ஆயிலில் கலந்து, ஆயிலின் மட்டம் உயரும். மட்டம் உயர்வதை நல்ல அறிகுறி என்று எண்ணிவிடக் கூடாது. வடிகட்டியின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், கையேட்டில் கூறியுள்ள வேகத்தில் சிறிது நேரம் நிற்காமல் ஓட்டுவதே முதல் தீர்வு. ஆகுர்டிவாசிகளுக்கு மும்பை - புனே விரைவுச்சாலை தொடங்கும் கிவளே அருகிலேயே இருக்கிறது. நகருக்குள் மட்டுமே கார் ஓட்டுபவர், வாங்கும் முன்பே பெட்ரோல் காரையும் பரிசீலிப்பது நல்லது.

என்ஜின் ஆயிலும் சாம்பல் குறைந்த வகையாக இருக்க வேண்டும். சாம்பல் கரியைப் போல எரிந்து போவதில்லை, வடிகட்டியிலேயே தங்கிவிடும். சில கார்களில் 32.5 சதவீத யூரியா கரைசலுக்கெனத் தனித் தொட்டி உண்டு. அதைத் தவறுதலாக டீசல் தொட்டியில் ஊற்றிவிட்டால், காரை ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே இழுவை வண்டியில் பணிமனைக்கு அனுப்ப வேண்டும்.